மலைப்பாதையில் தனியாக ஒரு பைக், ஒரு கூடாரம்: முதல் முறை செல்பவர்களுக்கான வழிகாட்டி

மலைப்பாதையில் தனியாகப் பைக்கில் சென்று கூடாரத்தில் தங்க விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்தப் பைக், எந்தக் கூடாரம் என்பதைத்தான். அவை முக்கியமே. ஆனாலும் ஒரு நாள் நல்லபடியாக முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மாலையில் எத்தனை மணிக்குப் பைக்கை நிறுத்துகிறீர்கள் என்பதே. பொழுது சாய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே வந்து சேர்ந்தவருக்கு நடந்து பார்த்து இடம் தேர்ந்தெடுக்கவும், கூடாரத்தைப் பொறுமையாகக் கட்டவும், பைக்கை ஒரு சுற்றுப் பார்க்கவும் அவகாசம் இருக்கும். இருட்டிய பிறகு வருபவர் கிடைத்த இடத்தில்தான் படுக்க வேண்டும். அது காய்ந்து கிடக்கும் ஓடைப் படுகையாகவும் இருக்கலாம், கல் உருண்டு விழும் சரிவின் அடியாகவும் இருக்கலாம். இருவர் சென்றால் ஒருவர் விளக்குப் பிடிக்க மற்றவர் முளை அடிக்கலாம். தனியாகச் செல்பவருக்கு அதுவும் கிடையாது. ஆகவே கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டு மணி நேர வெளிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்கான ஏற்பாடுகளே.

முதல் வேலை: பாதையை அந்தியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

வரைபடத்தை விரித்ததும் எத்தனை கிலோமீட்டர் என்று கூட்டத் தொடங்காதீர்கள். அந்த நாளில் சூரியன் எப்போது மறையும் என்று பாருங்கள். மலையில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே போவதற்கு வெகுநேரம் முன்பே எதிர்மலையின் முகட்டுக்குப் பின்னால் போய்விடும் என்பதால், அதற்காக ஒரு மணி நேரத்தையாவது கழித்துவிடுங்கள். அதிலிருந்து இரண்டு மணி நேரம் பின்னால் வந்தால் கிடைப்பது நீங்கள் பைக்கை நிறுத்த வேண்டிய நேரம். காலையில் கிளம்பும் நேரத்துக்கும் அதற்கும் இடையில் இருப்பதில்தான் ஓட்டம், சாப்பாடு, ஓய்வு, வழி தவறித் திரும்புவது எல்லாம் அடங்க வேண்டும்.

சமவெளியில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் சராசரியாக ஓட்டுகிறவர், வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் இருபத்தைந்து முப்பதைத் தாண்டினால் பெரிது. சரளைக்கல் பாதையில் அதுவும் கிடைக்காது. முதல் பயணத்தில் ஒரு நாளுக்கு நூறு முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் வரை வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. குறைவாகத் தோன்றும்; மூன்றாம் நாள் உங்கள் தோள்களும் மணிக்கட்டும் அது போதும் என்று சொல்லிவிடும்.

வானிலையும் இதே கணக்கை ஆதரிக்கிறது. வெப்பம் மிகுந்த பருவங்களில் மலைமேல் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும். பனி உருகி ஓடிவரும் ஓடைகளில் நீர் விடியற்காலையில் மிகக் குறைவாகவும், வெயில் ஏறி உருகிய நீர் வந்து சேரும் பிற்பகலிலும் மாலையிலும் மிக அதிகமாகவும் இருக்கும். காலையில் கணுக்கால் அளவில் கடந்த ஓடை மாலையில் முழங்காலைத் தொடலாம். கணவாய்களையும் ஓடைகளையும் முற்பகலில் கடந்துவிடும்படி பாதையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எரிபொருளைப் பொறுத்தவரை, உங்கள் பைக் ஒரு டேங்கில் எவ்வளவு ஓடும் என்று தெரிந்திருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள். சுமையோடு தாழ்ந்த கியரில் ஏறும் பைக் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கும், வழி அடைபட்டால் வந்த தூரம் முழுவதும் திரும்ப வேண்டியும் வரும். முழுப் பாதையையும், ஒவ்வொரு இரவும் தங்கப்போகும் இடத்தையும் ஊரிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். எந்த நாள் எந்த நேரத்துக்குள் உங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். வனப்பகுதிகளிலும் எல்லைப்புறங்களிலும் தங்க அனுமதி தேவையா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாலையில் ஒரு தடுப்புக் கம்பத்தின் முன் நின்று கேட்பது காலம் கடந்த கேள்வி.

பைக்கைத் தயார்படுத்துதல்

புதுப் பைக் தேவையில்லை. உங்களுக்குப் பழகிய, நிற்கும்போது இரண்டு கால்களும் தரையில் ஊன்றுகிற, கீழே விழுந்தால் தனியாகத் தூக்க முடிகிற பைக்கே போதும். எடை குறைந்த பைக் மலையில் மிகப் பெரிய வசதி.

பிரேக் பட்டைகளின் தடிமனையும் பிரேக் திரவத்தின் வயதையும் பாருங்கள். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால் அதில் ஆவிக் குமிழிகள் உண்டாகி, நெம்புகோலை அழுத்தும்போது கை உள்ளே போகும், பைக் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு மேல் மாற்றாத திரவம் என்றால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

டயரின் காற்றழுத்தத்தைச் சுமையோடு செல்வதற்கு உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவுக்கு வையுங்கள். செயினின் தளர்ச்சியைச் சுமை ஏற்றிய பிறகு ஒருமுறை சரிபாருங்கள். கிளட்ச் கேபிள் ஒன்று, பழுதுபார்க்கும் சிறு கருவிகள், பஞ்சர் சாதனம், காற்றடிக்கும் பம்பு ஆகியவை உடன் வர வேண்டும். டியூப்லெஸ் டயராக இருந்தால் பஞ்சரைச் சாலையோரத்தில் திரி செருகி அடைத்துவிடலாம். டியூப் உள்ள சக்கரமாக இருந்தால் கழற்றி மாட்டும் வேலையை வீட்டு முற்றத்தில் ஒரு தடவையாவது நீங்களே முழுமையாகச் செய்து பாருங்கள். எந்தத் திருகுக்கு எந்தச் ஸ்பேனர், அது உங்கள் பையில் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

உயரம் கூடக் கூட இன்ஜினின் சக்தி குறையும் என்பதையும் எதிர்பார்த்துச் செல்லுங்கள். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 விழுக்காடுதான். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள பைக் காற்றுக்கேற்ப எரிபொருளைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் பைக்கில் அந்த வசதி இல்லாததால் கலவையில் பெட்ரோல் மிகுந்து, புகை தள்ளி, இழுவை மந்தமாகும். அது பழுதில்லை. ஒரு கியர் குறைத்து ஓட்டுவதே தீர்வு.

எதை எடுப்பது, எப்படிக் கட்டுவது

தனியாகச் செல்பவருக்கு எல்லாமே ஒன்று தேவைப்படுகிறது. பகிர்ந்து சுமக்க ஆளில்லை. எனவே எடையைக் குறைப்பதில் கண்டிப்பாக இருங்கள், குளிருக்கான பொருள்களில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் இரவு 18 டிகிரி என்றால் 2,500 மீட்டர் மேலே அது இரண்டு டிகிரிக்கு அருகில் வந்துவிடும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதன்மேல் அச்சிட்ட வெப்பநிலைகளில் ‘கம்ஃபர்ட்’ என்ற எண்ணை மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைப்பதற்கான எல்லை, உறங்குவதற்கானது அல்ல. கீழே விரிக்கும் பாயை (மேட்) பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். உடலின் கீழே அமுங்கிப்போன ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு வெப்பத்தைத் தாங்காது என்பதால் தரையின் குளிர் நேராக முதுகில் ஏறும். பாயின் வெப்பத்தடுப்பு ஆர் மதிப்பு (R-value) என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது; எண் கூடினால் தடுப்பும் கூடும். உறைநிலைக்கு அருகில் செல்லும் இரவுகளுக்கு நான்கு அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது.

அடுப்பு எரிவாயுவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பியூட்டேன் சுழியத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் ஏறக்குறைய சுழியத்துக்கு 12 டிகிரி கீழ் வரையிலும், புரொப்பேன் 42 டிகிரி கீழ் வரையிலும் ஆவியாகும். குளிர்ந்த உயரங்களுக்குப் புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த குடுவையைக் கேட்டு வாங்குங்கள்.

இவற்றைப் பைக்கில் ஏற்றும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாதை நெடுக உங்களைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் கட்டு தளர்வதுதான். கருவிகள், தண்ணீர், உணவு போன்ற கனமானவை இரு பக்கப் பைகளின் அடியில், சமமான எடையில் இருக்கட்டும். எடை எவ்வளவு தாழ்வாகவும் முன்னோக்கியும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் உயரமாகக் கட்டிய கனம் முன்சக்கரத்தைத் தூக்கிவிடும், செங்குத்தான ஏற்ற வளைவில் ஹேண்டில் லேசாகிப் பைக் சொன்ன பக்கம் திரும்பாது. ஸ்லீப்பிங் பேக், துணிகள் போன்ற இலகுவானவை நீர்புகாப் பையில் இருக்கையின் பின்பாதியில் குறுக்காக வரலாம். பையின் வாயை மடித்துக் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகு கட்டுங்கள். காற்று தங்கிய பை ஒரு மணி நேரத்தில் சுருங்கிக் கட்டு தொளதொளத்துப்போகும். கொக்கி வைத்த ரப்பர் கயிற்றைவிடப் பிடியுள்ள பட்டைகள் நம்பகமானவை. இரண்டு பட்டைகளை முன்பக்கச் சட்டத்திலிருந்து ஒன்றும் பின்பக்கச் சட்டத்திலிருந்து ஒன்றுமாக எதிரெதிரே இழுத்து, மிச்சமிருக்கும் வாலை மடித்துச் செருகிவிடுங்கள். தொங்கும் வால் செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் பின்சக்கரம் நொடியில் பூட்டிக்கொள்ளும். பையைப் பிடித்து ஆட்டினால் பை மட்டும் அசையக் கூடாது, பைக்கே சேர்ந்து அசைய வேண்டும். கிளம்பி பத்து கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். மழைச்சட்டையும் கூடாரமும் எல்லாவற்றுக்கும் மேலே, மற்றதைக் கலைக்காமல் எடுக்கும்படி இருக்க வேண்டும்.

முதலுதவிப் பொருள்கள், ஊதல், தலைவிளக்கு, தீப்பெட்டி, அலைபேசி ஆகியவற்றைப் பைக்கில் வைக்காதீர்கள், ஜாக்கெட்டில் வையுங்கள். பைக் சரிவில் உருண்டாலும் உங்கள் உடம்போடு இருப்பவை உங்களோடு இருக்கும்.

ஏற்றமும் இறக்கமும்

கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். நடுவில் கியர் மாற்ற முயன்றால் இழுவை அறுந்து பைக் பள்ளத்தின் பக்கம் சாயும். பார்வை சக்கரத்துக்கு முன்னாலுள்ள தரையில் இல்லாமல், வளைவு முடிந்து வெளியேறும் இடத்தில் இருக்கட்டும். கண் போகும் வழியில் பைக் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போகும். மறைவான திருப்பங்களில் ஒலி எழுப்பி, உங்கள் பக்கத்திலேயே இருங்கள்; எதிரே வரும் பேருந்தோ லாரியோ திரும்புவதற்கு முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும்.

இறக்கத்தில், அந்தச் சரிவை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வேகத்தைப் பிடித்துவைக்கும், பிரேக் வளைவுகளுக்கு முன்னால் மட்டும் தேவைப்படும். எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டிவிடும் பழக்கம் இருந்தால் அதை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள். காலை வேளையில் பாலங்களின்மேலும் நிழல் விழும் வளைவுகளிலும் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கக்கூடும். அங்கே திடீர் பிரேக்கும் வேண்டாம், திடீர் முடுக்கமும் வேண்டாம்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நில்லுங்கள். ஒரே வளைவில் இரண்டு முறை அகலமாகப் போய்விட்டீர்கள் என்றாலோ, கியர் எதில் இருக்கிறது என்பது மறந்துபோனாலோ, அது களைப்பு. அந்த நாளுக்குத் திட்டமிட்ட இடம் இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தாலும் அடுத்து வரும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். இதற்காகத்தான் ஒவ்வொரு நாளுக்கும் வரைபடத்தில் ஒரு தங்குமிடம் அல்ல, மூன்று குறித்துவைக்க வேண்டும்.

பைக் சாய்ந்துவிட்டால்

மலையில் பைக் சாய்வது பெரும்பாலும் ஓடும்போது அல்ல, நிறுத்தும்போதும் திருப்பும்போதும்தான். முதலில் இன்ஜினை நிறுத்துங்கள், பெட்ரோல் கசிகிறதா என்று பாருங்கள், மூச்சு சீராகும் வரை நில்லுங்கள். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் சைடு ஸ்டாண்டை இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள்; நிமிர்ந்த பைக் மறுபக்கம் விழாமல் அது தாங்கிக்கொள்ளும். உருளாமலிருக்க முதல் கியரில் போடுங்கள். கனமான பைகளைக் கழற்றிவிடுங்கள். பிறகு பைக்குக்கு முதுகைக் காட்டி, இடுப்பின் அடிப்பகுதி இருக்கையைத் தொடும்படி குந்தி, ஒரு கையால் தரைப்பக்க ஹேண்டில் பிடியையும் மறு கையால் பின்சட்டத்தையும் பற்றி, முதுகை வளைக்காமல், கால்களால் தரையை உதைத்துச் சிறு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடங்கள். தூக்குவது தொடை, கை பிடிப்பதற்கு மட்டுமே. சரிவில் கிடந்தால், சக்கரங்கள் இறக்கத்தின் பக்கம் வரும்படி பைக்கைத் தரையிலேயே சுழற்றிவிட்டுத் தூக்கினால் பாதி வேலை மிச்சம். இதைப் புல்தரையில் யாராவது உடனிருக்கும்போது பழகிவிட்டுச் செல்லுங்கள்.

இடம் பார்ப்பதும் கூடாரம் போடுவதும்

வெளிச்சம் மிச்சமிருக்கிறது என்றால் உடனே பையை அவிழ்க்காதீர்கள். கால் மணி நேரம் நடந்து பாருங்கள். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஆகையால் ஆற்றோரத் தாழ்வைவிடச் சில பத்து மீட்டர் மேலே இருக்கும் திட்டு கதகதப்பாகவும் ஈரம் குறைவாகவும் இருக்கும். ஓடைப்படுகை, தனித்து நிற்கும் மரம், முகட்டின் உச்சி, புதிதாக உடைந்த கற்கள் சிதறிக் கிடக்கும் சரிவின் அடி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். தலைக்கு மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள்.

பைக்கை முதலில் நிறுத்துங்கள்: முகம் மேட்டை நோக்கி, முதல் கியரில், சைடு ஸ்டாண்டின் அடியில் ஒரு தட்டைக் கல். இரவு மழையில் மண் இளகினால் ஸ்டாண்டு புதையும். விழுந்தாலும் கூடாரத்தின்மேல் விழாத தூரம் இருக்கட்டும். கூடாரத்தின் ஒடுங்கிய பக்கம் காற்றை எதிர்நோக்க வேண்டும். பலமான காற்றில், கம்பிகளைச் செருகும் முன்பே காற்று வரும் பக்கத்து முளைகள் இரண்டையும் அடித்துவிட்டால் துணி கையைவிட்டுப் பறக்காது. தரைவிரிப்பு கூடாரத்துக்கு வெளியே துருத்தக் கூடாது. துருத்தினால் மழைநீரைப் பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்துவிடும்.

சமையல் கூடாரத்துக்கு வெளியே மட்டும். மூடிய கூடாரத்துக்குள் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. தூக்கம் போலவே வந்து உயிரை எடுத்துவிடும். எவ்வளவு குளிரானாலும் இதில் விலக்கு கிடையாது. ஓடைநீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்: தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம், ஏனெனில் அங்கே நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. உணவையும் மணமுள்ள எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். கழிப்பதற்கு நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள்.

உயரமும் உடம்பும்

2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாரையும் தாக்கலாம். உடல்வலிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பைக்கில் வருபவருக்கு ஆபத்து அதிகம், ஏனெனில் நடப்பவர் நாள்கணக்கில் ஏறும் உயரத்தை நீங்கள் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடுவீர்கள். 3,000 மீட்டருக்கு மேலே, முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் கூடாத இடத்தில் அடுத்த இரவு தூங்குங்கள்; மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுங்கள். பகலில் உயரமான கணவாயைக் கடந்து, தாழ்ந்த மறுபுறத்தில் தங்குவது நல்ல திட்டம். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே போகாதீர்கள். நடை தள்ளாடினாலோ, ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். அந்த நிலையில் நீங்களே பைக்கை ஓட்டுவது ஆபத்து என்பதால் உதவியை அழையுங்கள்.

அலைபேசிக் கோபுரங்கள் இல்லாத இடங்களுக்குச் செல்பவர், அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்குமானால், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்காவது எடுத்துச் செல்லட்டும். 112 என்ற அவசர எண் பல நாடுகளில் இயங்குகிறது. எதுவும் இல்லாவிட்டால் ஊதல்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை. விளக்கையும் இதே முறையில் மினுக்கலாம். அலைபேசியை விமானப் பயன்முறையில் வைத்தால் மின்கலம் தேடலில் வீணாகாது, ஜிபிஎஸ் தொடர்ந்து வேலை செய்யும். இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கும்.

காலையிலும், வீடு திரும்பியபின்னும்

விடிந்ததும் தண்ணீர் சூடாகும் நேரத்தில் பைக்கைச் சுற்றி வாருங்கள். டயர், செயின், பிரேக், விளக்கு, கட்டு, தரையில் எண்ணெய்த் துளி ஆகிய ஆறையும் எப்போதும் ஒரே வரிசையில் பார்த்தால் ஒன்றும் விட்டுப்போகாது. கூடாரம் இருந்த இடத்தில் முளையோ கயிறோ கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஊரிலிருப்பவருக்கு அன்றைய பாதையை ஒரு வரியில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

வீடு திரும்பிய அன்றே கூடாரத்தை விரித்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்த துணியில் சில நாளில் பூஞ்சை பிடித்து, நீர்புகாப் பூச்சு உரியத் தொடங்கும். ஸ்லீப்பிங் பேக்கைச் சிறு உறையில் அமுக்கி வைக்காமல் பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டுவையுங்கள். செயினைக் கழுவி எண்ணெய் இடுங்கள். பைகளைக் காலி செய்யும்போது, ஒருமுறைகூடத் தொடாமல் திரும்பி வந்த பொருள்களைத் தனியே எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் முதலுதவிப் பெட்டி, பஞ்சர் சாதனம், மழைச்சட்டை நீங்கலாக மற்றவை அடுத்த முறை வர வேண்டியதில்லை.